பொத்தானை வரைந்த பிறகு மிஞ்சும் கோப்பு

நிரலர் ஒருவர் வெற்றுச் சாளரம் ஒன்றைத் திறக்கிறார். பக்கத்துப் பட்டியலிலிருந்து ஒரு பொத்தானை இழுத்து வந்து அதில் வைக்கிறார். 'சேமி' என்று பெயரிடுகிறார். விசுவல் பேசிக் முதல் க்யூடி டிசைனர் வரை எந்தக் கருவியிலும் காட்சி இதுதான். கருவியை மூடிவிட்டு, அது வட்டில் எழுதிவைத்த கோப்பை நோட்பேடில் திறக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஒரு கோப்பில் 'இடப்பக்கத்திலிருந்து 1200, மேலிருந்து 840' என்ற பொருளில் எண்கள் இருக்கும். இன்னொன்றில் 'இந்த வரிசையில் இரண்டாவது' என்று இருக்கும். மூன்றாவதில் மனிதரால் படிக்க முடியாத பைட்டுகள். நான்காவது கருவியோ தனிக் கோப்பு எதுவும் எழுதாமல், நிரலுக்குள்ளேயே சில நூறு வரிகளைச் செருகியிருக்கும்.

கணினிப் பயன்பாட்டுக்கு முகப்பு வடிவமைக்கக் கருவி தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் காட்சியை வைத்தே முடிவெடுக்கிறார்கள். இழுப்பது எளிதா, பொத்தான் அழகாக இருக்கிறதா, ஒரு மணி நேரத்தில் மாதிரி தயாராகுமா? முதல் வாரத்துக்கு அது போதும். ஆனால் ஒரு மருத்துவமனையின் பதிவு மென்பொருளோ கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு மென்பொருளோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடக்கூடியது. அதற்குள் திரைகள் மாறும், மொழிகள் சேரும், எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், வரைந்த கருவியே கைவிடப்படலாம். அன்றைக்குக் கையில் இருப்பது அந்தக் கோப்புதான். கருவியை எடைபோட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இந்தக் கருவிகளின் கதையில் ஒரு முக்கியமான தொடக்கம் பிரான்சில் நிகழ்ந்தது. 1980களின் நடுவில், அந்நாட்டின் அரசு ஆய்வு நிறுவனமான இன்ரியாவைச் சேர்ந்த ழான்-மரி உல்லோ, மெக்கின்டாஷ் கணினியில் சாளரங்களையும் மெனுக்களையும் சுட்டியால் அமைக்க உதவும் ஒரு கருவியை லிஸ்ப் மொழியில் எழுதினார். அது 1986-இல் இன்டர்ஃபேஸ் பில்டர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆப்பிளை விட்டு வெளியேறி நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அதைப் பார்த்ததும் உல்லோவைத் தன் நிறுவனத்துக்கே அழைத்துக்கொண்டார்.

நெக்ஸ்ட் கணினியில் உல்லோ அமைத்த முறையின் சிறப்பு, அது நிரல் வரிகளை உற்பத்தி செய்யவில்லை என்பது. திரையில் வைக்கப்பட்ட பொத்தான், பட்டியல், அவற்றுக்கு இடையிலான தொடர்புகள் எல்லாம் உயிருள்ள பொருள்களாகவே இருந்தன. அவற்றின் நிலை அப்படியே 'நிப்' என்ற கோப்பில் பதியும். நிரல் தொடங்கும்போது அதே பொருள்கள் நினைவகத்தில் மறுபடி எழும். 1990-இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணைய உலாவியை எழுதியது இந்தக் கணினியில்தான். வேறு கணினியில் ஓர் ஆண்டு பிடித்திருக்கக்கூடிய வேலை இதில் ஓரிரு மாதங்களில் முடிந்ததாக அவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். மெனுக்களை நினைத்த வேகத்தில் உருவாக்க முடிந்தது அதற்கு ஒரு காரணம்.

நிப் கோப்பில் ஒரு குறை இருந்தது: அது பைனரி. இரண்டு நிரலர்கள் ஒரே சாளரத்தைத் திருத்தினால் யார் எதை மாற்றினார் என்று ஒப்பிட வழியில்லை. நெக்ஸ்ட்டை வாங்கியதன் மூலம் இந்தக் கருவியைப் பெற்ற ஆப்பிள், 2007-இல் தன் நிரலாக்கக் கருவித்தொகுப்பான எக்ஸ்கோடு 3-உடன் எக்ஸ்எம்எல் உரையாகச் சேமிக்கும் 'ஸிப்' வடிவத்தைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து வந்த திருத்தம் அது.

விண்டோஸ் உலகில் கதை வேறு விதமாகப் போனது. ஆலன் கூப்பர் என்ற நிரலர் தான் உருவாக்கிய 'ட்ரைபாட்' என்ற மாதிரியை 1988-இல் பில் கேட்ஸிடம் காட்டினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, பேசிக் மொழியோடு இணைத்து, 1991-இல் விசுவல் பேசிக் என்று வெளியிட்டது. கணினிப் பட்டம் இல்லாத லட்சக்கணக்கானோர் நிரல் எழுத வந்தது அதன் வழியாகத்தான். 1995-இல் போர்லண்ட் நிறுவனம் இதே வகைக் கருவியான டெல்ஃபியைக் கொண்டுவந்தது. அதன் தலைமைச் சிற்பி ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க் அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்டுக்குப் போய், பிறகு சி ஷார்ப் மொழியை வடிவமைத்தார்.

விசுவல் பேசிக்கின் படிவக் கோப்பு தொடக்க காலப் பதிப்புகளுக்குப் பின் படிக்கக்கூடிய உரையாகவே இருந்தது. அது பெரிய நன்மை. ஆனால் அதில் எழுதப்பட்டிருந்தவை 'ட்விப்' என்ற அலகில் இடப்புறம், மேற்புறம், அகலம், உயரம். ஓர் அங்குலத்தில் 1440 ட்விப். பொத்தான் எங்கே இருக்கிறது என்று அந்தக் கோப்புக்குத் தெரியும். ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது. அது வலது ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பதும், மேலே உள்ள எழுத்துப்பெட்டியின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதும் வரைந்தவர் மனத்தில் மட்டுமே இருந்தன. சாளரத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் இருந்த இடத்திலேயே நிற்க, வலப்பக்கம் வெறும் சாம்பல் நிறம் விரியும். அதைச் சரிசெய்யச் சாளரத்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் கணக்குப் போடும் வரிகளை நிரலர்கள் கையால் எழுதினார்கள்.

தமிழில் மென்பொருள் எழுதியவர்களுக்கு இந்த எண்கள் இரட்டைச் சோதனையாயின. விசுவல் பேசிக் 6, 1998-இல் வந்தது. அது உள்ளுக்குள் யூனிகோடில் எழுத்துகளை வைத்திருந்தாலும், அதன் வழக்கமான பொத்தான்களும் எழுத்துப்பெட்டிகளும் யூனிகோடைக் காட்டவில்லை. ஆகவே டாம், டாப், டிஸ்கி போன்ற குறிமுறைகளில் அமைந்த எழுத்துருக்களை ஒவ்வொரு பொத்தானுக்கும் சூட்டித்தான் தமிழைக் காட்ட முடிந்தது. அது தவிர, தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். மேலே புள்ளியும் ஈகாரக் கொக்கியும், கீழே 'கு', 'ழு' போன்றவற்றின் சுழிகளும் எழுத்தின் உயரத்தைக் கூட்டுகின்றன. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'ரத்து செய்' என்று எழுதினால் கடைசி எழுத்தோ மேற்புள்ளியோ வெட்டுப்படும். தமிழுக்கு மட்டும் நேர்ந்த துன்பமும் இல்லை இது. பத்து எழுத்துக்குள் அடங்கும் ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்ப்பில் இரண்டு முதல் மூன்று மடங்கு நீளக்கூடும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் வழிகாட்டுதல் நெடுங்காலமாகவே எச்சரித்து வருகிறது. பொத்தான்களில் இருப்பவையோ பெரும்பாலும் அந்தச் சிறு சொற்கள்தாம்.

இந்தச் சிக்கலை ஒரு பெரிய மென்பொருள் எப்படிக் கடந்தது என்பதற்கு லிப்ரெஓபிஸ் மிகச் சிறந்த சான்று. ஸ்டார்ஓபிஸ் என்ற பெயரில் ஜெர்மனியில் பிறந்து, ஓபன்ஓபிஸ் ஆகி, 2010-இல் லிப்ரெஓபிஸ் ஆன அந்தத் தொகுப்பில், உரையாடல் பெட்டிகள் எல்லாம் இடமும் அளவும் எண்ணாகக் குறிக்கப்பட்ட பழைய கோப்புகளில் இருந்தன. தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் அது வெளிவருகிறது. பெட்டியில் இடம் போதாதபோது மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைச் சுருக்க வேண்டியிருந்தது. மென்பொருளின் அளவுக்கு மொழி குறுகியது. 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து, நூற்றுக்கணக்கான அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக கிளேட் என்ற வடிவமைப்புக் கருவியில் மறுபடி அமைத்தார்கள். கிளேட், ஜிடிகே என்ற தொகுதிக்காக எழுதப்பட்டது. லிப்ரெஓபிஸ் விண்டோஸிலும் மேக்கிலும் ஜிடிகேயைப் பயன்படுத்துவதில்லை. அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு நடந்தது, ஏனென்றால் கிளேட் எழுதியது தெளிவான எக்ஸ்எம்எல் கோப்பு. அந்தக் கோப்பைப் படித்துத் தன் சொந்த விட்ஜெட்டுகளால், அதாவது பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்புகளால், சாளரத்தை எழுப்பும் பகுதியை லிப்ரெஓபிஸ் நிரலர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கருவியை அல்ல, கோப்பின் வடிவத்தைத்தான் அவர்கள் உண்மையில் தேர்ந்தெடுத்தார்கள்.

எண்களுக்குப் பதில் உறவுகளை எழுதினால், திரையில் ஒவ்வொன்றின் இடத்தையும் யாராவது கணக்கிட வேண்டுமே? ஜிடிகே, க்யூடி போன்ற தொகுதிகள் இதை இரண்டு சுற்றுப் பேச்சாக நடத்துகின்றன. முதல் சுற்றில் கேள்வி மேலிருந்து கீழே போகிறது: 'உனக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நல்லது?' பொத்தான் தன் எழுத்துருவையும் தன் மேல் எழுதப்பட்ட சொல்லையும் அளந்து பதில் சொல்கிறது. வரிசை தன் உறுப்புகளின் பதில்களைக் கூட்டித் தன் தேவையை மேலே அனுப்புகிறது. இரண்டாம் சுற்றில், சாளரத்தில் உண்மையில் இருக்கும் இடம் மேலிருந்து கீழே பங்கிடப்படுகிறது. கல்யாணப் பந்தியில் ஆள் கணக்கைக் கேட்டுக்கொண்டு இலை போடுகிற மாதிரி. மிச்சமுள்ள இடம் யாருக்கு என்பதை 'விரியலாம்', 'விரியக் கூடாது' என்ற கொள்கை முடிவு செய்கிறது. மொழி மாறினாலும் எழுத்து பெரிதானாலும் அளவு மறுபடி கேட்கப்படுவதால், 'ரத்து செய்' தனக்குத் தேவையான அகலத்தைத் தானே பெற்றுக்கொள்கிறது.

ஆப்பிள் 2011-இல் இன்னும் பொதுவான வழி ஒன்றை எடுத்தது. அதன் ஆட்டோ லேஅவுட்டில் ஒவ்வொரு உறவும் ஒரு சமன்பாடு: பொத்தானின் இடது ஓரம், பெயர்ச்சீட்டின் வலது ஓரத்துக்கு 8 புள்ளிகள் அப்பால், இந்தப் பெட்டியின் அகலம் அந்தப் பெட்டியின் அகலத்துக்குக் குறையக் கூடாது. இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சமன்பாடுகளும் சமனின்மைகளும் ஒன்றாகத் தீர்க்கப்பட வேண்டும். அதற்கு உதவுவது கஸோவரி என்ற வழிமுறை. கிரெக் பட்ரோஸ், ஆலன் போர்னிங், பீட்டர் ஸ்டக்கி ஆகிய மூவரும் உருவாக்கியது அது. அதன் அடித்தளம், வள ஒதுக்கீட்டுக் கணக்குகளுக்காக ஜார்ஜ் டான்ட்ஸிக் 1947-இல் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறை.

வரைபடத்தைக் கட்டுப்பாடுகளாகப் பார்க்கும் எண்ணமும் பழையதே. எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் 1963-இல் செய்த ஸ்கெட்ச்பேடில், இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கணினி அவற்றை இணையாக்கிக் காட்டியது. கஸோவரி இதோடு இரண்டு நடைமுறை உத்திகளைச் சேர்த்தது. சில விதிகள் கட்டாயம், சில விருப்பம் மட்டுமே என்று வலிமையைக் குறிக்கலாம்; ஆப்பிளில் அது 1 முதல் 1000 வரை, 1000 என்றால் மீறக் கூடாதது. பயனர் சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தீர்க்காமல், முந்தைய விடையிலிருந்து அடுத்த விடைக்கு நகரலாம். இழுக்கும் கைக்கு ஈடுகொடுக்கும் வேகம் அதனால் வருகிறது.

உறவுகளைத் தாங்கும் கருவி இருந்தாலும் அதைப் பயன்படுத்துவது வடிவமைப்பவர் பொறுப்பு. க்யூடி டிசைனரில் விட்ஜெட்டுகளை வெறுமனே இழுத்துப் போட்டால் அதுவும் எக்ஸ், ஒய் எண்களைத்தான் கோப்பில் எழுதும். வரிசை, கட்டம் என்று லேஅவுட் கொடுத்த பிறகுதான் எண்கள் மறைந்து உறவு வரும். லேஅவுட் இல்லாத பெட்டிக்குப் பக்கத்தில் அது ஒரு சிவப்புத் தடைக்குறியைக் காட்டும். புதிதாகக் கற்பவர்கள் மிக அதிகம் கவனிக்காமல் விடுவது அதைத்தான். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் இன்றும் அடிப்படையில் எண்களையே எழுதுகிறது. ஓரங்களோடு பிணைக்கும் வசதி அதில் முதலிலிருந்தே உண்டு. அட்டவணைப் பலகை 2005-இல் சேர்ந்தது. இருந்தாலும் 96 டிபிஐ திரைக்காக வரைந்த படிவத்தை உயர்தெளிவுத் திரையில் திறந்தால் வடிவமைப்பானே தடுமாறும். அதனால் விசுவல் ஸ்டுடியோவே தன்னை 100 விழுக்காட்டு அளவில் மறுபடி தொடங்கச் சொல்லி மஞ்சள் பட்டையில் அறிவிப்பு காட்டுகிறது.

இனி, தனிக் கோப்புக்குப் பதில் நிரல் வரிகளையே உற்பத்தி செய்யும் கருவிகள். கிளேட் தன் தொடக்க காலத்தில் சி மொழி வரிகளை எழுதித் தந்தது. அந்த வரிகளை நிரலர் கையால் திருத்துவார்; பிறகு சாளரத்தில் ஒரு பொத்தானைக் கூட்டி மறுபடி உற்பத்தி செய்தால் திருத்தம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். கிளேட் 3 அந்த வசதியையே நீக்கிவிட்டு, கோப்பை நிரல் ஓடும்போது நேராகப் படிக்கும் முறைக்கு மாறியது. துணிவான, சரியான முடிவு. ஜாவாவுக்கான நெட்பீன்ஸ் வேறு வழி கண்டது. அதன் வடிவமைப்பான் எழுதும் வரிகள் நிழலிட்டுப் பூட்டப்பட்டிருக்கும். உண்மையான வடிவமைப்பு பக்கத்தில் 'ஃபார்ம்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. வேறு எடிட்டரில் ஜாவா கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி நெட்பீன்ஸில் வடிவமைப்பைச் சேமித்தால், வெல்வது அந்த ஃபார்ம் கோப்பு. பைதான் பயனர்களுக்கு இதே எச்சரிக்கையை, க்யூடி டிசைனர் கோப்பைப் பைதானாக மாற்றும் கருவி கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுகிறது: கையால் செய்த திருத்தங்கள் அடுத்த முறை அழிந்துபோகும். ஆகவே உற்பத்தியான கோப்பைத் தொடாமல், அதை உள்வாங்கும் தனி வகுப்பில் நம் நிரலை எழுதுவதே பாதுகாப்பு.

கருவிகளும் மறைகின்றன. ஜிடிகே 4, 2020 டிசம்பரில் வந்தது. கிளேட் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, அதன் வளர்ச்சி நின்றது. கிளேடைப் பல ஆண்டுகள் பராமரித்த ஹுவான் பாப்லோ உகார்த்தேயே கம்பலாச்சே என்ற புதிய கருவியைத் தொடங்கினார். எக்ஸ்எம்எல் எழுதப் பிடிக்காதவர்கள் புளூபிரின்ட் என்ற சிறு மொழியில் கையால் எழுதி, அதே எக்ஸ்எம்எல்லாக மாற்றிக்கொள்கிறார்கள். கிளேட் போனாலும் லிப்ரெஓபிஸின் பெட்டிகள் திறக்காமல் போகவில்லை. கோப்பு இருக்கிறது, படிக்கும் நிரல் இருக்கிறது. டெல்ஃபி படிவங்களை வைத்திருந்தவர்களுக்கும் இதேபோல ஒரு வழி இருந்தது. கட்டற்ற மென்பொருளான லாசரஸ், டெல்ஃபியை ஒத்த படிவக் கோப்பையும் மாற்றும் கருவியையும் தருகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் நிரலை உருவாக்குகிறது. விசுவல் பேசிக் 6 படிவங்களோடு நின்றவர்களுக்கு அவ்வளவு இயல்பான தொடர்ச்சி கிடைக்கவில்லை. 2008-இல் அந்தக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது.

உயிரோடு இருக்கும் கருவியும் தாமதமாகலாம். விண்டோஸ் ஃபார்ம்ஸ் 2019-இல் புதிய டாட்நெட் கோர் 3.0-க்கு வந்தபோது அதற்கான வடிவமைப்பான் தயாராக இல்லை. வடிவமைப்பான் திரையில் காட்டும் பொத்தான் படம் அல்ல. உண்மையான பொத்தான் அங்கே ஓடுகிறது. விசுவல் ஸ்டுடியோ பழைய டாட்நெட்டில் ஓடியதால் புதியதன் பொத்தானை அதற்குள் ஓட்ட முடியவில்லை. வேறொரு செயலியில் அவற்றை ஓட்டி, இரண்டையும் பேசவைக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

உரிமத்தையும் முதலிலேயே பார்க்க வேண்டும், விற்கப்போகும் மென்பொருளுக்குக் கட்டாயமாக. க்யூடியை எல்ஜிபிஎல் உரிமத்திலும் வணிக உரிமத்திலும் பெறலாம். பைதானிலிருந்து அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு: பைக்யூடி ஜிபிஎல் அல்லது வணிக உரிமம், பைசைடு எல்ஜிபிஎல். ஒரே டிசைனர் கோப்பை இரண்டும் படிக்கும். ஜிபிஎல் கேட்கிறபடி மூல நிரலை வெளியிட விரும்பாத சிறு நிறுவனத்துக்கு இந்தத் தேர்வே செலவை மாற்றிவிடும்.

வடிவமைப்பானே வேண்டாம் என்ற கட்சியும் இன்று வலுவாக இருக்கிறது. ஆப்பிள் 2019-இல் தந்த ஸ்விஃப்ட்யூஐயில் முகப்பை நிரலாகவே எழுதுகிறார்கள். பக்கத்தில் உடனடி முன்னோட்டம் தெரியும். ஃப்ளட்டரில் ஒரு வரியை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் சாளரம் அப்படியே மாறுகிறது. எலக்ட்ரானில் முகப்பு முழுவதும் இணையப் பக்கம்தான். விசுவல் ஸ்டுடியோ கோடு அப்படி எழுதப்பட்டது. இந்த முறையில் ஒவ்வொரு பயன்பாட்டோடும் ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமக்க வேண்டும். தரவைப் பொறுத்து எத்தனை வரிசை வரும் என்று முன்கூட்டித் தெரியாத திரைகளுக்கு இழுத்து வைக்கும் கருவி பெரிதாக உதவாது. அங்கே நிரலாக எழுதுவதே நேர்வழி. ஆனால் நாற்பது புலங்கள் கொண்ட நோயாளிப் படிவத்தை, அதை நிரப்பப்போகும் செவிலியரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல அமைக்க வேண்டுமென்றால், க்யூடி டிசைனருக்கோ லாசரஸுக்கோ இணையில்லை. ஃபிக்மா போன்ற வரைகருவியில் அதே படிவத்தை அழகாக வரையலாம், ஆனால் அதில் தாவல் விசையை அழுத்தினால் அடுத்த புலத்துக்குப் போகிற உண்மையான சாளரம் கிடைக்காது.

தாவல் விசை சிறிய விஷயம் அல்ல. பார்வையற்றவர்களும் சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களும் மென்பொருளில் நடமாடுவது அதன் வழியாகத்தான். க்யூடி டிசைனரில் தாவல் வரிசையை எண்களாகத் திரையிலேயே காட்டித் திருத்தும் தனி முறை உண்டு. எந்தப் பெயர்ச்சீட்டு எந்தப் புலத்துக்கு உரியது என்று இணைக்கும் முறையும் உண்டு. அந்த இணைப்பு இல்லாவிட்டால், திரை வாசிப்பானால் 'எழுத்துப்பெட்டி' என்று சொல்ல முடிகிறது. 'நோயாளியின் பெயர்' என்று சொல்ல முடிவதில்லை. தமிழில் பேசும் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இதை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கருவியை முடிவு செய்யும் முன் அரை நாள் சோதனை போதும். ஒரு சாளரம், இரண்டு புலங்கள், ஒரு பட்டியல், இரண்டு பொத்தான்கள். பெயர்களை நீண்ட தமிழ்த் தொடர்களாக மாற்றிப் பார்க்க வேண்டும். எழுத்தளவை ஒன்றரை மடங்கு ஆக்கி, திரை அளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்தி, மூலையைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சேமித்து, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட வேண்டும். மாறியது ஒரு வரியா, நாற்பது வரியா? சுட்டியைக் கழற்றிவைத்து விசைப்பலகையால் மட்டும் படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு உற்பத்தியான நிரல் கோப்புகளை அழித்துவிட்டு, வடிவமைப்புக் கோப்பை மட்டும் வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்று சாளரத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். க்யூடி கோப்புக்கு அங்கே ஒற்றைக் கட்டளை போதும், பைதானில் அதுவும் வேண்டாம், கோப்பை நேராகவே ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் ஃபார்ம்ஸில் அழித்த அந்த நிரல் கோப்புதான் வடிவமைப்பு. திரும்ப எழுப்ப வேறு எதுவும் இருக்காது.